பனி வந்தால் எங்கே வெட்டுவது? – குறும்பட எடிட்டிங் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் இந்த முறை குறும்படக் கேள்விகள் நிறைய. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, எடிட்டிங் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். கேமரா வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

தேயிலைத் தோட்டத்தில் எடை போடும்போது கொழுந்தில் கிலோ கழிப்பதைப் பற்றி 14 நிமிடப் படம் எடுத்திருக்கிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் ‘லேக் அடிக்குது’ என்கிறார்கள். எதை வெட்டினாலும் கதை போய்விடும்போல இருக்கிறது. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவர்கள், கோத்தகிரி

முதலில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். சீன் ஒன்றுக்கு ஒரு வரி. ‘இதில் என்ன நடக்கிறது’ என்று எழுதாதீர்கள். ‘இது முடியும்போது பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது’ என்று எழுதுங்கள். விடியல், பனியில் நடந்து வருவது, பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) பெயர் கூப்பிடுவது, இடுப்பில் படுதா கட்டுவது, கொழுந்து கிள்ளுவது என்று ஐந்து சீன் இருந்து, ஐந்துக்கும் எதிரே ‘கஷ்டப்பட்டு உழைக்கிறாள்’ என்றே வந்தால், அதில் நான்கு தாராளமாகப் போகலாம். மலையில் எடுக்கும் படங்களுக்கென்றே உள்ள வியாதி இது. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அழகாக இருக்கிறது. எதையும் தூக்கிப்போட மனம் வருவதில்லை.

அடுத்தது எடை போடும் இடம். உங்கள் படத்தின் உயிர் அங்கேதான். பெரும்பாலும் இப்படி அடுக்கியிருப்பீர்கள்: பாதையில் இறங்கி வருகிறாள், மூட்டையை இறக்குகிறாள், வரிசையில் நிற்கிறாள், எடை போடுகிறார்கள், மேஸ்திரி எழுதுகிறார், அவள் பார்க்கிறாள், போகிறாள். ஒரு நிமிடம் ஓடியிருக்கும். செய்தி இருப்பது அதில் பத்து நொடிதான்.

மூட்டை ஏற்கெனவே தராசுக் கொக்கியில் தொங்கும்போது சீனைத் தொடங்குங்கள். முதல் ஷாட், தராசின் எண்: 24.6. எண்ணைப் படித்து மனதில் வாங்க ஒன்றரை நொடியாவது வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது சுமார் 38 ஃபிரேம். இரண்டாவது, அவள் முகம். ‘இருவத்திரெண்டு’ என்ற மேஸ்திரியின் குரல் இந்த முகத்தின் மேல் கேட்கட்டும். அவரைக் காட்ட வேண்டாம். குரல் முடிந்த பிறகும் இரண்டு நொடி முகத்திலேயே நில்லுங்கள். மூன்றாவது, நோட்டில் 22 என்று எழுதும் பேனா, ஒரு நொடி. நான்காவது, வரிசையில் அடுத்து நிற்கும் பெண் தன் மூட்டையைக் குனிந்து பார்க்கிறாள். கட். மொத்தம் எட்டு, ஒன்பது நொடி. ‘ஏமாத்துறாங்க’ என்று யாரும் வாய்திறக்கவில்லை, 24.6-லிருந்து 22-ஐக் கழித்தது பார்ப்பவர். கணக்கு அவர் போட்டது என்பதால் கோபமும் அவருக்கே வரும்.

முகத்தில் நடிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுக்கு முன் செய்துகாட்டிய சோதனை பிரபலமானது. ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு சூப் கிண்ணம், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பசி, துக்கம், ஆசை எல்லாவற்றையும் பார்த்தவர்களே அந்த முகத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே கண்ணீர் விட்ட டேக்கை ஒதுக்கிவிட்டு, ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்பும் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா ஓடிய அந்தச் சில நொடிகளைத் தேடுங்கள். நடிக்காத முகம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இதே ஷாட்டுகளின் வரிசையை மாற்றினால் கதையே மாறும். முகம், குரல், அதன் பிறகு தராசு என்று வைத்தால் ‘என்னவோ ஆகிவிட்டது’ என்ற கேள்வி முதலில் வருகிறது, விடை பின்னால் வருகிறது. எண் முதலில் வந்தாலோ அவளுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் எப்போது கவனிப்பாள் என்று காத்திருக்கிறோம். இரண்டும் சரிதான். அவள் கூடவே நடக்கும் படமா, தள்ளி நின்று பார்க்கும் படமா என்பதை முடிவுசெய்துவிட்டு ஒன்றை எடுங்கள்.

வெட்டி முடித்ததும் ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். ஒரு முறை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே செய்தி தனித்தனியாகப் புரிகிற இடத்தில் அதை இரண்டு தடவை சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே வசனத்தில் கை வையுங்கள்.

அண்ணன் தம்பி சண்டை போடும் சீனைக் காலையில் வெயிலில் தொடங்கினோம். பாதியில் பனி மூடிவிட்டது. மீதியைப் பனியிலேயே எடுத்து முடித்தோம். இப்போது ஒட்டினால் ஒரு வசனம் வெயிலில், அடுத்த வசனம் பனியில் என்று வருகிறது. கலர் கரெக்‌ஷனில் சரிசெய்ய முடியுமா?
– வில்பட்டி வாசகர்

பாதி முடியும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் வேலை சுலபம்.

பனி தூரத்தோடு கூடும். கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை அது அதிகம் மங்கச் செய்யாது. ஐம்பது மீட்டரில் இருக்கும் மரத்தை விழுங்கிவிடும். அதனால் வைட் ஷாட்டுகள் எல்லாம் ஒரே வானிலையிலிருந்து வரட்டும். குளோசப்புகளை மற்றதிலிருந்து கலக்கலாம், பின்னணியில் மண்திட்டோ சுவரோ அருகில் இருக்கும் குளோசப்புகளாகப் பார்த்து எடுங்கள். தூரத்து மலைச்சரிவு தெரியும் குளோசப் கலக்காது.

கலரில், பனி ஷாட்டைத் தெளிவாக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பனியில் எடுத்த படத்தில் ஆழ்ந்த கருப்பே பதிவாகியிருக்காது. மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவியைப் போட்டு கான்ட்ராஸ்டை இழுத்தால் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கிளம்பும், முகத்தில் கறை கறையாக நிறம் நிற்கும். எதிர்த்திசையில் போங்கள்: வெயில் ஷாட்டைப் பனிக்கு இறக்குங்கள். டாவின்ச்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைத் திறந்து, பனி ஷாட்டின் அடிமட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெயில் ஷாட்டின் லிஃப்டை (இருண்ட பகுதி) அந்த அளவுக்கு ஏற்றி, கெயினை (வெளிச்சப் பகுதி) சற்று இறக்கி, சாச்சுரேஷனை (நிறச்செறிவு) 50-லிருந்து 35–40 அளவுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் நீலம் சேருங்கள். இரண்டு ஷாட்டையும் பக்கம்பக்கமாக வைத்துத் தோலின் நிறத்தை முதலில் ஒப்பிடுங்கள், வானத்தைக் கடைசியில். இதையெல்லாம் செய்தும் மறையாத ஒன்று உண்டு: தரையில் விழுந்த நிழல். முகத்தில் மூக்கு நிழல் கூர்மையாக விழுந்திருந்தாலும் அந்த ஷாட்டை விட்டுவிடுங்கள்.

மிச்சத்தை ஒலி பார்த்துக்கொள்ளும். சீன் முழுக்க ஒரே ஆம்பியன்ஸ் (இடத்தின் பின்னணிச் சத்தம்) ஓடினால் கண் நிறைய மன்னிக்கும். வெட்டுக்கு வெட்டு பறவைச் சத்தம் வந்து வந்து நின்றால் நல்ல கலர் வேலையும் வீண்தான்.

வேறொரு வழியும் இருக்கிறது, எங்களுக்கு அதுதான் பிடிக்கும். பனி வருவதை மறைக்காமல் கதைக்குள் விடுங்கள். சண்டையில் பேச்சு திசைமாறும் வசனம் ஒன்று இருக்கும், ‘அப்பா உனக்குத்தான் எழுதி வெச்சாரு’ என்பதுபோல. அதற்குப் பிறகு பனி சரிவில் ஏறிவரும் ஷாட்டை நான்கு நொடி வைத்து, அதன் பின் பனி டேக்குகளை மட்டும் தொடருங்கள். இதற்குப் பனி நகரும் ஷாட் ஒன்று ஸ்டாண்டில் அசையாமல் எடுத்தது வேண்டும். அடுத்த முறை பனி ஏறத் தொடங்கியதும் எல்லோரும் பொருளை மூட்டை கட்டும் நேரத்தில் ஒருவர் இரண்டு நிமிடம் அதை எடுத்துவிடட்டும். மதியத்துக்கு மேல் பனி இறங்கும் ஊரில் வைட் ஷாட்டுகளைக் காலை முதல் மணி நேரத்திலேயே முடிப்பதும், கேமராவின் நிற அமைப்பான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5600 கெல்வினில் பூட்டுவதும் பாதித் தலைவலியைத் தவிர்க்கும்.

மலை ரயிலைப் பிடிக்கப் பையன் குன்னூர் ஸ்டேஷனுக்கு ஓடிவருகிறான். ரயில் கீழேயிருந்து ஏறி வருகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தோம். பதைபதைப்பு வரவில்லை. ரயில் முன்னும் பின்னும் போவதுபோல் குழப்பமாக இருக்கிறது.
– குன்னூர் வாசகர்

முதலில் குழப்பம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். ஒரே இடத்தில் நின்று எடுத்தாலே ரயில் ஒரு முறை இடமிருந்து வலமாகவும், வளைவு திரும்பி வலமிருந்து இடமாகவும் போகும். பார்ப்பவருக்கு உங்கள் மலையின் வரைபடம் தெரியாது. திரையில் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். ரயில் படம் முழுக்க இடமிருந்து வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் வலமிருந்து இடமாக ஓடினால் இருவரும் ஒரே புள்ளியில் சந்திக்கப்போகிறார்கள் என்று தானாகப் புரியும். அவனும் இடமிருந்து வலமாக ஓடினால் ரயிலைத் துரத்துவதாகத் தோன்றும். திசை தவறிய ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கு முன் நடுநிலையான ஒன்றைச் செருகுங்கள்: நேர் எதிரே வரும் ரயில், பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் முகம், சக்கரம். படத்தை இடவலமாகத் திருப்பிப்போடும் குறுக்குவழி இங்கே உதவாது, பெட்டியில் எழுதியிருப்பது கண்ணாடியில் படிப்பதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் மேலே ஏறும் ரயிலை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கும். இறங்கும் ரயிலை எடுத்து ஏறும் ரயிலாகக் காட்டினால் சென்னையில் ஒருவேளை தப்பிக்கலாம், குன்னூரில் முடியாது. கிளிப்பை ரிவர்ஸில் ஓட்டினால் புகை திரும்பப் புகைபோக்கிக்குள் போகும். குன்னூருக்குக் கீழே நீராவி, மேலே ஊட்டிப் பக்கம் டீசல் என்பதையும் கலக்காமல் பாருங்கள்.

இனி பதைபதைப்பு. இந்த ரயிலின் வேகத்தை நம்பிப் பயனில்லை, ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில்தான் வரும். பையன் நினைத்தால் கூடவே ஓடலாம். வேகத்துக்குப் பதிலாகக் கெடுவைக் காட்டுங்கள்: பிளாட்ஃபார கடிகாரம், கையில் கொடியோடு கார்டு, மூடப்போகும் டிக்கெட் கவுன்ட்டர். ஷாட்டின் நீளம் படிப்படியாகக் குறையட்டும். ஐந்து நொடி, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, கடைசி இரண்டு மூன்று வெட்டுகள் 12 ஃபிரேம். பிறகு சட்டென்று ஆறு நொடி அசையாத ஒரு ஷாட்: காலியான பிளாட்ஃபாரம். அந்த நிறுத்தத்துக்காகத்தான் முன்னால் அவ்வளவு வேகம்.

ஒவ்வொரு முறை பையனிடம் திரும்பும்போதும் அவன் நிலைமை மாறியிருக்க வேண்டும். செருப்பு அறுந்தது, குறுக்கே லாரி, படிக்கட்டு. அதே சந்தில் அதே ஓட்டம் என்றால் அந்த ஷாட் வேண்டாம். ரயிலின் ஊதலைப் பையன் ஷாட்டுகளின் மேலும் போடுங்கள், முதலில் மெலிதாக, ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூட்டி. தூரம் குறைவது காதால் தெரியும். ரயில்வே இடத்தில் படமெடுக்க அனுமதி வாங்க வேண்டும். பாதையில் இறங்கி எடுக்கும் யோசனையே வேண்டாம்.

அம்மாவும் மகனும் பேசும் காட்சி. பேசுபவரைக் காட்டி, அடுத்து பேசுபவரைக் காட்டி என்று வெட்டியிருக்கிறேன். தப்பு எதுவும் இல்லை, ஆனால் நாடகம்போல் இருக்கிறது.
– தாண்டிக்குடி வாசகி

வசனம் முடியும் ஃபிரேமிலேயே படத்தையும் ஒலியையும் சேர்த்து வெட்டியிருப்பீர்கள். இரண்டையும் பிரியுங்கள். நீங்கள் அனுப்பிய காட்சியையே எடுத்துக்கொள்வோம். அம்மா சொளகில் (முறத்தில்) காபிக்கொட்டை பொறுக்குகிறார். மகன் நிலத்தை விற்கப்போவதைச் சொல்ல வந்திருக்கிறான்.

‘நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும்மா.’
‘யார் யாரு வர்றா?’
‘மாமாவும் வர்றாரு.’
‘அவனுக்கு என்னடா இதுல வேலை?’

முதல் வசனத்துக்கு மகனைக் காட்டவே வேண்டாம். சொளகில் ஓடும் விரல்கள். குரல் மட்டும் கேட்கிறது. ‘போகணும்மா’ என்றதும் விரல் நிற்கிறது. நின்ற பிறகு எட்டு ஃபிரேம் விட்டு மகனுக்கு வெட்டுங்கள். இது ஜே கட், ஒலி முன்னால் வந்து படம் பின்னால் வருவது. ‘யார் யாரு வர்றா?’ என்பதை மகன் முகத்திலேயே கேட்கட்டும். கேள்வி தைப்பது அவனைத்தான். ‘மாமாவும்’ என்ற சொல் அவன் வாயில் வரட்டும், ‘வர்றாரு’ அம்மாவின் முகத்தில் விழட்டும். இது எல் கட். கடைசி வசனத்துக்கு முன் ஒரு நொடிக்கு மேல் மௌனம் கொடுத்து, ‘அவனுக்கு என்னடா’ என்று தொடங்கும்போது மறுபடி விரல்களுக்குப் போங்கள். அவர் கொட்டை பொறுக்கத் தொடங்கிவிட்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று அவர் முடிவெடுத்தது வசனத்தில் இல்லை, அந்த விரலில் இருக்கிறது.

செய்முறை எளிது. டைம்லைனில் படத்தையும் ஒலியையும் இணைக்கும் லிங்க்கை அணைத்துவிட்டு, இரண்டு கிளிப்பும் சேரும் கோட்டில் படத்தின் கோட்டை மட்டும் ரோல் கருவியால் முன்னே பின்னே தள்ளுங்கள். மொத்த நீளம் மாறாது, ஒலி நகராது, சிங்க் போகாது. ஆறு ஃபிரேமிலிருந்து பன்னிரண்டு வரை தள்ளினால் உறுத்தாது. அதற்கு மேல் போனால் ‘வேண்டுமென்றே காட்டாமல் இருக்கிறார்கள்’ என்று பார்ப்பவர் உணர்வார், அதையும் தேவைப்படும் இடத்தில் பயன்படுத்தலாம்.

கை அசைவில் வெட்டும்போது அசைவு தொடங்கிய பின், முடிவதற்கு முன் வெட்டுங்கள். சொளகில் கொட்டையின் அளவு டேக்குக்கு டேக் மாறியிருக்கும். அதனால் வைட் ஷாட்டில் சொளகு தெரியாத கோணம் இருந்தால் அதையே எடுங்கள்.

ஜம்ப் கட்டுக்கும் கன்டினியூட்டி தப்புக்கும் என்ன வித்தியாசம்?
– ஊட்டி மாணவி

ஒரே ஆளின் இரண்டு ஷாட் சேரும் இடத்தில் படம் துள்ளுவதுதான் ஜம்ப் கட். ஒரே ஒரு முறை வந்தால் தப்பு என்பார்கள், அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் ஸ்டைல் என்பார்கள். நக்கலாகச் சொன்னாலும் உண்மை அதுதான். தவிர்க்க வேண்டுமென்றால் அடுத்த ஷாட்டின் கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும், அல்லது அளவு தெளிவாக மாற வேண்டும்: மிட் ஷாட்டிலிருந்து குளோசப்புக்கு. மிட்டிலிருந்து கொஞ்சம் நெருங்கிய மிட்டுக்கு வெட்டினால் படம் துள்ளும்.

ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவைப் பற்றிய படம். ஃபிளாஷ்பேக்குக்குக் கருப்பு வெள்ளை, டிசால்வ் தவிர வேறு வழி உண்டா?
– ஊட்டி வாசகர்

உங்கள் கதைக்களமே வழி சொல்கிறது. 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில், ஃபிலிமில் ஒளியுணர் பூச்சு ஏற்றுவது போன்ற வேலைகள் இருட்டில் நடந்தவை. தாத்தாவின் வீட்டில் பாட்டி விளக்கை அணைக்கிறார். திரை கருப்பு. அந்தக் கருப்பிலேயே மெஷின் ஓடும் ஒலி மெல்ல எழுகிறது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இளவயதுக் குரல் ஒன்று ‘இங்கதாண்ணே’ என்கிறது. மூன்று நொடி. அடுத்த ஷாட்டில் இளைஞர் இருட்டறையிலிருந்து வெளி நடைபாதைக்கு வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறார். ஆண்டு எழுதிக் காட்டவும் தேவையில்லை.

இருட்டறைக் கதவு திறந்து உள்ளே வெளிச்சக் கற்றை விழுவதுபோல் அழகுக்காக வைத்துவிடாதீர்கள். அப்படித் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபிலிம் மொத்தமும் பாழ். அங்கே வேலை பார்த்தவர்கள் படம் பார்க்க வந்தால் முதல் சிரிப்பு அங்கேதான். கருப்புத் திரையில் ஒலி விட்டுப்போகவும் கூடாது. மொபைலில் பார்ப்பவர் வீடியோ நின்றுவிட்டதென்று திரையைத் தட்டுவார்.

திரும்பி வருவதற்கு நடைபாதையில் கேட்கும் ஏதாவது ஓர் ஒலியை, ஒரு மணியோ விசிலோ, நிகழ்காலத்தின் குக்கர் விசிலோடு பொருத்தி நேராக வெட்டுங்கள். இரண்டாவது ஃபிளாஷ்பேக்குக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். விளக்கு அணையும் ‘கிளிக்’ ஒன்றே போதும், பார்ப்பவர் பாடத்தை முதல் தடவையே கற்றுவிட்டார்.

மொபைலில் எடுத்தோம், ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிந்தோம். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, நான்கைந்து நிமிடம் போனால் உதடும் குரலும் விலகுகிறது. லேப்டாப்பும் திணறுகிறது.
– கூடலூர் வாசகர்

மொபைல் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் பதியும். 30 என்று காட்டினாலும் வெளிச்சம் குறைந்தால் நொடிக்குச் சில ஃபிரேம்களை விட்டுவிடும். எடிட்டிங் மென்பொருள் சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது, அதனால்தான் விலகல். டைம்லைனில் போடும் முன் எல்லாக் கிளிப்பையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்து மாற்றுங்கள். மூலக்கோப்பை அழிக்காதீர்கள். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், 44.1-ல் வேண்டாம்.

அதற்குப் பிறகும் சீராக விலகினால் புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள். 23.976-ல் எடுத்ததை 24 என்று ஓட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடும். பத்து நிமிடத்தில் 0.6 நொடி, அதாவது 14 ஃபிரேம். உதட்டில் அது நன்றாகவே தெரியும். அடுத்த படத்துக்கு ஃபிரேம் ரேட்டைப் பூட்டும் கேமரா ஆப் பயன்படுத்தி 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சம் துடிப்பதும் இதில் குறைந்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் போடுங்கள். பலகை இல்லாவிட்டால் கேமரா முன் கையைத் தட்டினாலே போதும்.

லேப்டாப் திணறுவதற்கு மருந்து பிராக்ஸி, அதாவது வெட்டும்போது மட்டும் பயன்படும் சிறிய நகல். ரிசால்விலேயே கிளிப்புகளைத் தேர்ந்து, வலது கிளிக்கில் பிராக்ஸி உருவாக்கச் சொல்லி இரவில் ஓடவிடுங்கள். அளவு கால் பங்கு இருந்தால் போதும். வெட்டுவது சிறிய நகலில் நடக்கும், எக்ஸ்போர்ட் மட்டும் மூலத்திலிருந்து. இடத்தைக் கணக்கிட ஒரு வாய்ப்பாடு: 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த வீடியோ நிமிடத்துக்கு 750 எம்.பி., மணிக்கு 45 ஜி.பி. இரண்டு தனி டிஸ்க்கில் நகல் ஏறும்வரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம்.

பின்னணி இசைக்கு ஏற்ற மாதிரி வெட்டலாமா?
– பண்ணைக்காடு வாசகர்

மான்டாஜுக்கு (பல துண்டு ஷாட்டுகளை அடுக்கிய தொகுப்பு) வெட்டலாம். மற்ற இடங்களில் முதலில் இசையில்லாமல் வெட்டி முடியுங்கள். மோசமான வெட்டையும் தாளம் நல்லதாகக் காட்டும். இசையை எடுத்ததும் ஓட்டை தெரியும். சினிமாப் பாட்டைத் தற்காலிகமாகப் போட்டு எடிட் செய்தால் பிறகு உங்கள் இசையமைப்பாளர் என்ன கொடுத்தாலும் பிடிக்காது, அந்தப் பாட்டை உரிமை இல்லாமல் வெளியிடவும் முடியாது.

மௌனம் வேண்டிய இடத்தில் ஒலியை முழுக்க அணைக்காதீர்கள், ஸ்பீக்கர் பழுது என்று தோன்றும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் சும்மா நிற்கவைத்து 60 நொடி பதிந்த ஆம்பியன்ஸ் அங்கே தேவைப்படும். மைக்குக்கு ரோமக்கவசம் போடாமல் மலைக்காற்றில் பதிந்ததைப் பின்னால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். யூடியூப் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலி உரப்பின் அலகு) அளவுக்கு மேல் உரக்க இருப்பதைத் தானே குறைத்துவிடும். அந்த அளவிலேயே முடித்து அனுப்புங்கள்.

படுக மொழியில் படம் எடுத்திருக்கிறோம், தமிழில் சப்டைட்டில் போட வேண்டும். எத்தனை நொடி, எத்தனை வரி? எழுத்தும் உடைந்து உடைந்து வருகிறது.
– கோத்தகிரி அருகிலிருந்து

ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரிக்கு ஐந்து சொல் தாண்டினால் மொபைலில் எழுத்து சிறுத்துவிடும். ஒரு நொடிக்குக் குறைவாகவும் ஆறு நொடிக்கு மேலும் எதுவும் நிற்கக் கூடாது. படுக மொழி தெரியாத ஒருவரைச் சாதாரண வேகத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகும் அரை நொடி நின்றால் சரி.

சப்டைட்டில் கூடியவரை வெட்டைத் தாண்டக் கூடாது. ஷாட் மாறியும் வரி அப்படியே நின்றால் கண் புது வரியென்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படிக்கும். வெட்டுக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் முடியுங்கள், அல்லது வெட்டிலேயே தொடங்குங்கள். ஜே கட் வைத்த இடங்களில் கவனம்: குரல் முதலில் வருவதால் சப்டைட்டிலும் முந்தைய ஷாட்டிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அங்கே வெட்டைச் சில ஃபிரேம் நகர்த்துவது சப்டைட்டிலைப் பிய்ப்பதைவிட நல்லது. ஆகவே சப்டைட்டிலின் கரடு வடிவத்தைப் பிக்சர் லாக்குக்கு (வெட்டுகளை இறுதி செய்வது) முன்பே போட்டுப் பாருங்கள். சிரிப்பு வசனத்தில் முடிவுச் சொல் முன்கூட்டியே எழுத்தில் தெரிந்துவிட்டால் சிரிப்பு போய்விடும்; அதை இரண்டாகப் பிரித்து, நடிகர் சொல்லும் நேரத்தில் இரண்டாம் பாதி வரட்டும்.

எழுத்து உடைவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடாக இருந்தும் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் மென்பொருள் இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் விழிக்கிறது. பிரீமியர் புரோவில் பிரெஃபரன்ஸஸ் – கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, பிறகு புதிதாக எழுத்தை ஒட்டுங்கள். ‘கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ’ நான்கையும் அடித்துச் சோதித்துவிட்டு முழுப் படத்துக்கும் போங்கள். விழாக்களுக்கு அனுப்பும்போது சப்டைட்டில் பதிந்த பிரதி ஒன்று, பதியாத பிரதியும் சப்டைட்டில் எழுத்து மட்டும் உள்ள எஸ்.ஆர்.டி. கோப்பும் தனியே ஒன்று என இரண்டையும் கையில் வைத்திருங்கள். எது வேண்டும் என்று விழாவுக்கு விழா மாறும்.